அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு

எக்ஸ்ரே இயந்திரத்திலிருந்து எக்ஸ்ரே வருகிறது என்ற செய்தி, மேல்மலைக் காசநோய் ஆஸ்பத்திரியின் நிர்வாகத்துக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் முறைப்படி தெரிவிக்கப்பட்டது. அதற்கு முன்பும் அந்த இயந்திரம் பல வருஷமாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. நோயாளிகளின் நெஞ்சுக்கூட்டைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதிலிருந்து ஏதோ ஒன்று வெளியே வருகிறது என்று யாரும் எழுத்துமூலமாகச் சொல்லவில்லை. எழுத்தில் இல்லாத ஒன்று அரசாங்க வளாகத்துக்குள் நடமாட முடியாது என்பதால் நிர்வாகமும் நிம்மதியாக இருந்தது.

கோடைக்கானலுக்கு மேற்கே, போளூர் போகிற பாதையில், பூண்டு வயல்களுக்கு மேலே இருந்தது அந்த ஆஸ்பத்திரி. மேகம் ஜன்னல் வழியாக வந்து கதவு வழியாகப் போகும். அதற்கும் அனுமதி கிடையாதுதான். ஆனால் மேகத்தின் மேல் நடவடிக்கை எடுக்க விதி இல்லை.

சென்னையில் இருந்த மேலிடத்துக்கு ஒரு நாள் சந்தேகம் வந்தது. எந்த ஆஸ்பத்திரியில் எவ்வளவு கதிர் வெளியே வருகிறது, அது யார் மேல் படுகிறது என்று யாருக்காவது தெரியுமா? தெரியவில்லை. உடனே அதை அளந்து சொல்ல ஓர் ஆராய்ச்சியாளரை அனுப்பினார்கள். அவர் பெயர் தமயந்தி.

தமயந்தி பழனிக்காரி. அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த நாச்சிமுத்துவின் மகள். மதுரையில் பௌதிகம் படித்தாள். சென்னையில் மேல்படிப்பு முடித்தாள். பம்பாயில் போய் கதிர்வீச்சை அளக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தாள். தபால்தலை மாதிரி ஒரு துண்டு ஃபிலிம். அதை ஒரு சின்னத் தகரக் கூட்டுக்குள் வைத்து மார்பில் குத்திக்கொள்ள வேண்டும். கதிர் பட்டால் ஃபிலிம் உள்ளேயே கறுக்கும். மாதம் முடிந்ததும் அதைக் கழுவிப் பார்த்து, எவ்வளவு கறுத்திருக்கிறது என்பதைக் கொண்டு, அந்த மனிதர் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று சொல்லிவிடலாம். ஃபிலிமுக்கு முன்னால் செம்புத் தகடு வைத்தால் என்ன ஆகும், ஈயத் தகடு வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இதைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை சீமைப் பத்திரிகை ஒன்றில் வந்திருந்தது. பழனியில் அதைப் படித்தவர் யாரும் இல்லை.

"பொண்ணு என்ன சோலி பாக்குது?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள்.

"கண்ணுக்குத் தெரியாததை அளக்குது" என்பார் நாச்சிமுத்து.

"கண்ணுக்குத் தெரியாததுன்னா, பேயா?"

"பேயா இருந்தா வெரட்டலாமேப்பா. இது அளந்து எழுதி வச்சுக்கிருதாம்."

அப்படிப்பட்ட தமயந்தி, ஒரு மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வாந்தியை அடக்கியபடி மலைக்கு வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியின் சூப்பரின்டெண்டெண்ட் டாக்டர் சேனாதிபதி அவளை அன்போடு வரவேற்றார். அவர் நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டார். விதி புத்தகத்தில் இல்லாத நல்லதும் நினைக்க மாட்டார்.

"நீங்க பிசிக்ஸாம்மா? நல்லது. நர்ஸ்கள் குவார்ட்டர்ஸ்ல ஒரு ரூம் காலியா இருக்கு."

"நான் நர்ஸ் இல்லைங்க சார். எக்ஸ்ரே ரூம்ல எவ்வளவு கதிர் வருதுன்னு அளக்க வந்திருக்கேன்."

"வருதுங்கறதுதான் லெட்டர்ல வந்திருச்சே. அதுக்கு மேல அளக்குறதுக்கு என்ன இருக்கு?"

"யார் மேல எவ்வளவு படுதுன்னு தெரியணும் சார்."

"எல்லார் மேலயும் நியாயமாத்தான் படும்மா" என்றார் சேனாதிபதி. "இங்கே நாங்க பாரபட்சம் பாக்குறதில்ல."

அன்று மதியமே தமயந்தி எக்ஸ்ரே அறைக்குப் போனாள். இயந்திரத்தை ஓட்டுகிற கந்தவேல் ஒரு மரத்தட்டிக்குப் பின்னால் நின்று சுவிட்சைப் போட்டுக்கொண்டிருந்தார். இயந்திரத்துக்கு முன்னால், இருமி இருமி அழுத ஒரு குழந்தையை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தபடி ஒரு பெண் நின்றாள். குழந்தை ஆடாமல் இருந்தால்தான் டாக்டர் பார்க்க முடியும். ஆகவே குழந்தை மேல் படுகிற கதிர் முழுவதும் அவள் கையிலும் மார்பிலும் பட்டுக்கொண்டிருந்தது. அவள் பெயர் இருளாயி. போளூர்க்காரி. ஆஸ்பத்திரியில் கடைநிலை ஊழியர்.

"எத்தனை நாளா இப்படிப் பிடிக்கிறீங்க?" என்று கேட்டாள் தமயந்தி.

"நாளாங்க? இந்த மிசினு வந்ததுல இருந்து நாந்தேன் புடிக்கிறேன். என் கைக்குத்தேன் புள்ளைக அடங்குது."

"கதிரைத் தடுக்கற ஈய ஏப்ரன் போட்டுக்க மாட்டீங்களா?"

இருளாயி கந்தவேலைப் பார்த்தாள். கந்தவேல்தான் பதில் சொன்னார்: "ஏப்ரன் இருக்குதுங்கம்மா. ஸ்டோர்ல பூட்டிக் கெடக்கு. வந்தது ஒண்ணே ஒண்ணு. கதிர் பட்டா வீணாப்போயிரும்னு தலைமை குமாஸ்தா உள்ள வச்சுட்டாரு."

தமயந்தி வேகமாகத் திரும்பிப் போய் சேனாதிபதியிடம் மூன்று விஷயங்கள் கேட்டாள். ஏப்ரனை வெளியே எடுக்க வேண்டும். அறையில் ஈயத்தட்டி ஒன்று வைக்க வேண்டும். நோயாளியை ஆள் பிடிப்பதற்குப் பதிலாக, வார் வைத்துக் கட்டும் மர நிலை ஒன்று செய்ய வேண்டும்.

"செய்யலாமே" என்றார் சேனாதிபதி. "அந்தம்மா மேல கதிர் படுதுங்கறதுக்கு ரெக்கார்டு வேணும். ரெக்கார்டு இருக்கா?"

"அதுக்குத்தான் சார் பேட்ஜ் கொண்டுவந்திருக்கேன்" என்று தமயந்தி சந்தோஷமாக மரப்பெட்டியைத் திறந்தாள்.

அவள் செய்த தப்பு அதுதான். உள்ளே பேட்ஜுகள் புத்தம் புதிதாக மின்னின. ஒவ்வொன்றிலும் ஓர் எண். பின்னால் ஊசி. சேனாதிபதியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஒன்றை எடுத்துத் தம் கோட்டில் வைத்துப் பார்த்தார். சுவரில் இருந்த கண்ணாடியைப் பார்த்தார். மணி அடித்துத் தலைமை குமாஸ்தா இராமலிங்கத்தைக் கூப்பிட்டார்.

இராமலிங்கம் ஆஸ்பத்திரியின் மூளை. அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். அவர் பேட்ஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சீனியாரிட்டி பிரகாரம்தான் கொடுக்கணுங்க" என்றார்.

"இது எக்ஸ்ரே ரூம்ல வேலை செய்யறவங்களுக்கு" என்றாள் தமயந்தி.

"அங்க வேலை செய்யறது கடைநிலைங்கம்மா. எதையும் கடைநிலையில இருந்து ஆரம்பிக்க முடியாது. மேல இருந்து வருவோம். மிச்சம் இருந்தா அங்க போகும்."

மேலிருந்து வந்தார்கள். சூப்பரின்டெண்டெண்ட், உதவி டாக்டர்கள், தலைமை குமாஸ்தா, உதவிக் குமாஸ்தா, மேட்ரன், ஸ்டோர் கீப்பர், ஜீப்புக்குப் பொறுப்பானவர் என்று வந்து, ரோஜாத் தோட்டத்தின் மேற்பார்வையாளரோடு பேட்ஜ் தீர்ந்துபோனது. அவர் எக்ஸ்ரே அறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அன்று முதல் அந்தப் பக்கம் போவதை நிறுத்தினார். மீதி இருந்தது தமயந்தி தனக்காக வைத்திருந்த பேட்ஜ் மட்டும். அதை அவள் கழற்றி, இருளாயியின் ரவிக்கையில் குத்திவிட்டாள்.

"இந்த மாசம் பூரா இத நீங்க போட்டுக்கங்க. சேலைத் தலைப்பால மூடிக்கங்க, யாரும் பாக்க வேண்டாம்."

"எனக்கா?" என்றாள் இருளாயி. தலைப்பால் மூடிக்கொண்டாள். அறையை விட்டுப் போகும்போது ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கோடைக்கானல் எளிதில் மறக்காது. சேனாதிபதி பேட்ஜோடு கிளப்புக்குப் போனார். அது என்ன என்று கேட்டவர்களிடம், "ரேடியேஷன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேற்கொண்டு பேச மறுத்தார். அதனால் மரியாதை இரட்டிப்பானது. தீபாவளிக்கு அவர் மனைவி சண்முகவள்ளி அதைப் பட்டுச் சேலையில் குத்திக்கொண்டு ஒரு கலியாணத்துக்குப் போனாள். கலியாணப் பெண்ணை விட அதிகம் பேர் அவளைப் பார்த்தார்கள். மறுவாரம் ஏழு ரோடு சந்திப்பில் இருந்த ஃபேன்ஸி கடையில் பல்பொடி டப்பா மூடியில் ஊசி வைத்து ஒரு பேட்ஜ் விற்பனைக்கு வந்தது. தையல்காரர்கள் கோட்டில் பேட்ஜுக்கென்று தனியாக ஒரு பட்டை வைத்தார்கள். பேட்ஜ் போட்டவர்களுக்கு வத்தலக்குண்டு பஸ்ஸில் கண்டக்டர் முன் சீட்டு கொடுத்தார். ஊர் பார்க்க வந்தவர்கள் பேரிக்காயும் யூக்கலிப்டஸ் தைலமும் பேட்ஜும் வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார்கள். கதிர் என்றால் என்ன என்று கேட்டால், உடம்புக்கு நல்லது என்று சிலரும், கெட்டது என்று சிலரும், இந்த வருஷம் எல்லோரும் போடுகிறார்கள் என்று பலரும் சொன்னார்கள்.

மாதம் முடிந்தது. தமயந்தி பேட்ஜுகளைத் திரும்ப வாங்கினாள். கொடுத்தவர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்ததுபோல் தவித்தார்கள். கடைசியாக இருளாயியிடம் போனாள். அவள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தாள். முகம் வாடியிருந்தது.

"உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லீங்கம்மா. வெள்ளனே எந்திரிச்சா கொமட்டுது. முழுகாம இருக்கேன். நாலாவது மாசம்" என்று சொல்லி இருளாயி வெட்கத்தோடு சிரித்தாள். "ரெண்டு தங்காமப் போச்சு. இது தங்கிரும்னு எங்க வீட்டுக்காரரு போளூர்ல காப்புக் கட்டிட்டு வந்திருக்காரு."

தமயந்தி அவள் வயிற்றைப் பார்த்தாள். பேட்ஜை வாங்கிக்கொண்டு இருட்டறைக்கு ஓடினாள். ஃபிலிம்களைக் கழுவினாள். அதிகாரிகளின் ஃபிலிம்கள் கண்ணாடி மாதிரி இருந்தன. தலைமை குமாஸ்தாவுடையதில் மட்டும் லேசாக ஒரு நிழல். கடைசி ஃபிலிம் கன்னங்கரேல் என்றிருந்தது. அது காயக்கூட அவள் காத்திருக்கவில்லை. சொட்டச் சொட்ட எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு சூப்பரின்டெண்டெண்ட் அறைக்குப் போனாள்.

"இதுல என்னுது எது?" என்றார் சேனாதிபதி.

"இதுங்க சார்."

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் வழியாக ஜன்னலும், ஜன்னலுக்கு வெளியே மரமும், மரத்தில் இருந்த குருவியும் தெரிந்தன.

"எனக்கு ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல சார். ரொம்ப நல்ல சேதி."

"முப்பது வருஷ சர்வீஸும்மா எனக்கு." அவர் ஃபிலிமைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். "கொஞ்சம்கூடவா இல்ல?"

இராமலிங்கம் பக்கத்தில் நின்று தொண்டையைக் கனைத்தார். "எனக்கு எப்படிங்க?"

"உங்களுக்குக் கொஞ்சம் இருக்கு" என்று தமயந்தி சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் சேனாதிபதியின் முகத்தைப் பார்த்தாள். "அது எக்ஸ்ரே இல்லீங்க. ராத்திரி பேட்ஜைக் கைக்கடிகாரத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கீங்க. இருட்டுல மின்னுற கடிகாரம். முள்ளுல ரேடியம் பூசியிருப்பாங்க. அதான்."

"எதுவா இருந்தாலும் இருக்குல்ல?" என்றார் இராமலிங்கம் பணிவாக.

"ஒரு குமாஸ்தாவுக்கு சூப்பரின்டெண்டெண்டை விட அதிகமா?" என்று சேனாதிபதி மேஜையைப் பார்த்துக் கேட்டார். மேஜை பதில் சொல்லவில்லை.

"சார், அதெல்லாம் இருக்கட்டும். இதைப் பாருங்க." தமயந்தி கறுத்த ஃபிலிமை நீட்டினாள். "இது என் பேட்ஜ். ஆனா போட்டிருந்தது இருளாயி. ஒரு மனுஷர் மேல இவ்வளவுதான் படலாம்னு ஒரு கணக்கு இருக்கு. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவுன்னு பேரு. வருஷம் பூராவுக்குமான அளவுல பாதிக்கு மேல இந்த அம்மாவுக்கு ஒரே மாசத்துல பட்டிருக்கு. வயித்துல குழந்தை வேற சார். இன்னையில இருந்து அவங்க அந்த ரூமுக்குள்ள போகக் கூடாது."

சேனாதிபதி ஃபிலிமை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். ஜன்னல் தெரியவில்லை. குருவி தெரியவில்லை. அவர் முகம் சிவந்தது. அவருக்கு இரக்கம் வந்துவிட்டது என்று தமயந்தி நினைத்தாள்.

"இது யார் அனுமதியில நடந்தது?"

"எது சார்?"

"கடைநிலை ஊழியர் இவ்வளவு கதிர் வாங்கியிருக்காங்களே, அது!"

இராமலிங்கம் ஓர் அடி முன்னால் வந்தார். "அம்மா சொன்ன சொல்லைக் கவனிக்கணுங்க. 'அனுமதிக்கப்பட்ட' உச்ச அளவு. அப்ப அனுமதின்னு ஒண்ணு இருக்கு. நமக்கெல்லாம் அனுமதி இருந்தும் எடுத்துக்கலை. அந்தம்மா அனுமதி இல்லாமலே எடுத்திருக்காங்க. பல வருஷமா."

"அனுமதின்னா அந்த அர்த்தம் இல்லீங்க..." என்று ஆரம்பித்தாள் தமயந்தி.

"தமிழ்ல அனுமதிக்கு ஒரே அர்த்தம்தாங்கம்மா" என்றார் இராமலிங்கம்.

மாலைக்குள் உத்தரவு தட்டச்சாகி வந்தது. அரசாங்கக் கதிர்வீச்சு தகுதியற்றவர்களால் தொடர்ந்து உட்கொள்ளப்பட்டு வருவது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்திருப்பதாக அது தொடங்கியது. இனிக் கடைநிலை ஊழியர் எவரும் கதிரின் பாதையில் நிற்கலாகாது. மீறிக் கதிர் கசிவதைத் தடுக்க ஈயத்தட்டி ஒன்று அவசரமாக வாங்கப்பட வேண்டும். ஏப்ரன் ஸ்டோரிலிருந்து விடுவிக்கப்பட்டு, எக்ஸ்ரே அறையில் வைக்கப்பட வேண்டும். நோயாளிகளைப் பிடிக்கும் பொறுப்பு, இன்று முதல், தகுதியுள்ள அதிகாரிகளைச் சார்ந்தது. இருளாயி சலவைப் பகுதிக்கு மாற்றப்படுகிறார்.

தமயந்தி அதை வராந்தாவில் நின்று படித்தாள். அவள் கேட்டதெல்லாம் அதில் இருந்தது. கேட்காததுகூட இருந்தது. காரணம் ஒன்றுதான் தலைகீழாக இருந்தது. உள்ளே போய்க் காரணத்தைத் திருத்தலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். காரணத்தைத் திருத்தினால் உத்தரவு போய்விடும். நேரே கேன்டீனுக்குப் போய் ஒரு காபி குடித்தாள். ஆராய்ச்சியாளராக அவள் வாழ்க்கையில் ஒரு பிழையைக் கண்டும் திருத்தாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

இருளாயிதான் சமாதானமாகவில்லை.

"நான் என்னங்கம்மா தப்புச் செஞ்சேன்? 'ஏய், இங்கிட்டு வராத'ன்னு குமாஸ்தா வெரட்டுறாரு. இத்தன வருசம் எம் மார்ல போட்டுப் புடிச்ச புள்ளைக எத்தன!"

"உங்க நல்லதுக்குத்தான் இருளாயி. வயித்துல இருக்கிற குழந்தைக்கு ஆகாது."

"அது சரிங்க. நீங்க சொன்னா நான் கேக்க மாட்டனா? அத அவுகளும் ஒரு வார்த்த வந்து சொல்லியிருக்கலாம்ல? ஏய்ங்கணுமா? எனக்கு ஒரு பேரு இருக்குல்லங்க."

 அதை அளக்கிற கருவியைத் தமயந்தி கொண்டு வரவில்லை.

அதிகாரிகள் ஒரு வாரம் உற்சாகமாக வந்தார்கள். ஏப்ரனை மாட்டிக்கொண்டு, அதன் மேல் புது ஃபிலிம் போட்ட பேட்ஜைக் குத்திக்கொண்டு, குழந்தைகளைப் பிடித்தார்கள். குழந்தைகள் அவர்களுடைய கோட்டில் இருமின. ஒன்று சேனாதிபதியின் கழுத்துப்பட்டையில் சிறுநீர் கழித்தது. அதற்குப் பிறகு அதிகாரிகளுக்குக் கோப்புகளின் ஞாபகம் வந்தது. தமயந்தி இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டு, வத்தலக்குண்டுத் தச்சர் ஒருவரை வரவழைத்து வார் வைத்த மர நிலையைச் செய்து வாங்கினாள். ஈயத்தட்டியும் வந்தது. கந்தவேல் அதற்குப் பின்னால் நின்று சுவிட்ச் போட்டார். அறைக்குள் எவர் மேலும் தேவையில்லாமல் கதிர் படவில்லை. தமயந்தி நிம்மதியாகத் தன் செம்புத் தகடுகளுக்குத் திரும்பினாள்.

மார்ச் மாதம் வந்தது. மார்ச் மாதம் அரசாங்க அலுவலகங்களில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். செலவழிக்காமல் மிச்சம் வைத்தது எல்லாம் மாதக் கடைசியில் காலாவதியாகிவிடும். ஆகவே தேவை இருக்கிறதோ இல்லையோ, நாற்காலி வாங்குவார்கள், மை வாங்குவார்கள், சுவருக்கு மறுபடி சுண்ணாம்பு அடிப்பார்கள்.

இராமலிங்கம் தமயந்தியின் அறைக்கு வந்தார். "அம்மா, அந்த உச்ச அளவு வருஷக் கணக்குன்னு சொன்னீங்களே?"

"ஆமா."

"இந்த வருஷக் கணக்குல எங்க யாருக்கும் பெருசா ஒண்ணும் வரவாகலையே. முப்பத்தொண்ணாம் தேதியோட லேப்ஸ் ஆயிருமே! அடுத்த வருஷம் குறைச்சுப்புடுவாங்க. சூப்பரின்டெண்டெண்ட் ரொம்பக் கவலையில இருக்காரு. நாளைக்கு எல்லாரும் வந்து வரிசையா நிக்கிறோம். வெரசா போட்டு விட்டுருங்க."

தமயந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு பேரை நிற்க வைத்துச் சும்மா கதிர் அடிக்கச் சொல்கிறார்கள். அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று விளக்கலாம். விளக்கியும் பார்த்தாள். "உச்ச அளவுங்கறது தாண்டக் கூடாத எல்லைங்க. போய்ச் சேர வேண்டிய ஊர் இல்ல." இராமலிங்கம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாரும் குளிச்சிட்டு வரணுமா?" என்றார்.

தமயந்தி மேஜை மேல் கிடந்த தன் பேட்ஜை எடுத்துத் திருப்பினாள். பிறகு, "கணக்கு உங்களுக்கா, பேட்ஜுக்கா?" என்று கேட்டாள்.

இராமலிங்கம் யோசித்தார். "எண் பேட்ஜுல இருக்கு. அப்ப கணக்கு பேட்ஜுக்குத்தான்."

"அப்ப நீங்க எதுக்கு சிரமப்படணும்? பேட்ஜை மட்டும் கொடுத்தனுப்புங்க."

மறுநாள் காலை, எக்ஸ்ரே மேஜையின் மேல் வெள்ளைத் துணி விரித்து, பேட்ஜுகளைப் பதவி வரிசைப்படி படுக்க வைத்தார்கள். சூப்பரின்டெண்டெண்டின் பேட்ஜுக்கு ஒரு சின்னத் தலையணை. கந்தவேல் ஈயத்தட்டிக்குப் பின்னால் போய் சுவிட்சைப் போட்டார். பேட்ஜுகள் அசையாமல் கிடந்து தங்களுக்குரிய அளவைப் பெற்றுக்கொண்டன. அதிகாரிகள் வராந்தாவில் காபி குடித்தபடி காத்திருந்தார்கள். வெளியே வந்த பேட்ஜைக் குத்திக்கொண்ட சேனாதிபதி, "லேசா ஒரு சூடு தெரியுது" என்றார். எல்லோரும் தங்களுக்கும் தெரிவதாகச் சொன்னார்கள்.

தமயந்தி பொய் எழுதுகிறவள் இல்லை. பேட்ஜுகள் இன்ன அளவு பெற்றன என்று உள்ளதை உள்ளபடி அறிக்கையில் எழுதினாள். முந்தைய நவம்பரில் தன் பேட்ஜ் பெற்ற அளவையும், அதை அணிந்திருந்தவர் பெயரோடு சேர்த்து எழுதினாள். அறிக்கை சென்னைக்குப் போனது. சென்னையில் அறிக்கைகளை முழுதாகப் படிக்கும் வழக்கம் இல்லை. எண்களை மட்டும் பார்த்தார்கள். பார்த்தவர்கள் திடுக்கிட்டுப்போனார்கள். ஓர் ஆஸ்பத்திரியின் அதிகாரிகள் அத்தனை பேரும், ஒருவர் பாக்கியில்லாமல், உச்ச அளவு வரைக்கும் கதிரில் நின்று சேவை செய்திருக்கிறார்கள்!

ஆடி மாதத்தில் மேலதிகாரி ஒருவர் சென்னையிலிருந்து நேரில் வந்தார். ஆஸ்பத்திரி முற்றத்தில் பந்தல் போட்டுப் பாராட்டு விழா நடந்தது. நோயாளிகளைக் கம்பளியோடு கொண்டுவந்து முன்வரிசைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். சலவைப் பகுதி ஊழியர்களும் ஓரமாக நின்றார்கள். இருளாயி கையில் ஒரு பெண் குழந்தை. சித்திரையில் பிறந்தது. நன்றாகக் கொழுகொழுவென்று, கூட்டத்தில் வேறு யாரும் போட முடியாத சத்தம் போட்டது. அவள் புருஷன் அழகுமலை, பூண்டு மூட்டையை இறக்கிவிட்டு நேராக வந்தவர், குழந்தைக்குத் தன் துண்டால் வெயில் மறைத்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொருவராக மேடைக்குப் போய்ப் பொன்னாடை வாங்கினார்கள். சேனாதிபதி கண்கலங்கினார். ரோஜாத் தோட்டத்தின் மேற்பார்வையாளருக்குத் தலைசுற்றல் வந்து, நாற்காலி கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். தியாகம் என்றால் இது என்றார் மேலதிகாரி. பிறகு, "இவர்கள் ஒரு வருஷத்தில் ஏற்ற கதிரில் பாதிக்கு மேல் ஒரே மாதத்தில் ஏற்ற வீராங்கனை" என்று சொல்லித் தமயந்தியின் பெயரைக் கூப்பிட்டார்.

தமயந்தி மேடைக்குப் போனாள். பொன்னாடையைப் போர்த்த வந்த கையைத் தடுத்து, ஒலிபெருக்கியின் முன்னால் நின்றாள்.

"இது எனக்கு உரியது இல்லீங்க. அந்த மாசம் என் பேட்ஜைப் போட்டிருந்தது இருளாயி. இங்கே உண்மையிலேயே கதிர் பட்ட ஒரே ஆள் அவங்கதான். பல வருஷமா, குழந்தைகளைப் பிடிச்சுக்கிட்டு, ஏப்ரன்கூட இல்லாம நின்னிருக்காங்க. அதோ நிக்கிறாங்க."

பந்தலில் எல்லோரும் மேலதிகாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மேலதிகாரி கை தட்டினார். பந்தலே கை தட்டியது.

"என்ன தன்னடக்கம்!" என்றார் மேலதிகாரி, கண்ணாடியைத் துடைத்தபடி. "தான் பட்ட கஷ்டத்தைக்கூட ஓர் ஏழை ஊழியருக்கு விட்டுக்கொடுக்கும் மனம் எத்தனை பேருக்கு வரும்?" பொன்னாடையைப் போர்த்தியே விட்டார். பொன்னாடைத் தட்டு பாரமாக இருந்ததால், அதை எடுத்துப் போக ஆள் தேவைப்பட்டது. இராமலிங்கம் ஓரத்தைப் பார்த்து, "ஏம்மா, நீதான், இங்கிட்டு வா" என்று இருளாயியைக் கூப்பிட்டார். அவள் குழந்தையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

விழா முடிந்தது. ஆனால் இராமலிங்கம், ஆஸ்பத்திரியின் மூளை என்ற முறையில், மற்றவர்கள் கை தட்டிய நேரத்தில் வார்த்தைகளைக் கவனித்திருந்தார். மறுநாள் இரண்டு மெமோக்கள் வந்தன. அரசாங்கப் பேட்ஜைத் தகுதியற்ற நபருக்கு அணியக் கொடுத்ததற்கு விளக்கம் கேட்டு ஒன்று, தமயந்திக்கு. பதவிக்கு மிஞ்சிய அளவில் அரசாங்கக் கதிர்வீச்சை உட்கொண்டதற்கு விளக்கம் கேட்டு ஒன்று, இருளாயிக்கு.

இருளாயிக்குப் படிக்கத் தெரியாது. மெமோவை எடுத்துக்கொண்டு தமயந்தியிடம் வந்தாள். குழந்தை இடுப்பில் இருந்தது.

"என்னமோ காயிதம் குடுத்தாகம்மா. என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

தமயந்தி படித்தாள். காகிதத்தைக் கவிழ்த்து மேஜையில் வைத்தாள். இதை எப்படிச் சொல்வது? "ஒண்ணும் இல்ல இருளாயி. நான் பதில் எழுதிக்கிறேன். நீங்க கவலைப்படாதீங்க."

"இருந்தாலும் ஒருக்காப் படிங்கம்மா."

தமயந்தி தயங்கித் தயங்கிப் படித்தாள். "திருமதி இருளாயி அவர்களுக்கு..."

"என்னது?"

"திருமதி இருளாயி அவர்களுக்கு."

"எம் பேரா போட்டிருக்கு? அவர்கள்னா போட்டிருக்கு?"

"ஆமா."

"எங்க, எந்த எடத்துல?" தமயந்தி காட்டினாள். இருளாயி அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்து, குழந்தையின் கையையும் பிடித்து அங்கே வைத்தாள். "மிச்சத்தப் படிக்க வேண்டாம்மா. போதும்" என்றாள்.

அடுத்த வாரம் அழகுமலை கோடைக்கானலுக்கு வந்து, மெமோவுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கிக்கொண்டு போனார். அது போளூரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது. ஊர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு துப்புரவுக்காரர்களும் சமையல்கட்டுக்காரர்களும் தமயந்தியின் அறை வாசலில் வந்து நின்றார்கள். "எங்களுக்கும் அப்படி ஒரு காயிதம் வாங்கிக் குடுங்கம்மா. என்ன தப்புச் செய்யணும்னு மட்டும் சொல்லுங்க."

தமயந்தி அவர்களை ஒருவழியாக அனுப்பி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. தனக்கு வந்த மெமோவுக்குப் பதில் எழுதலாம் என்று மேஜையிலிருந்து அதை எடுத்துப் பிரித்தாள்.

"செல்வி தமயந்திக்கு" என்று இருந்தது.

அவள் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் முன்பக்கம் பார்த்தாள். செல்வி தமயந்திக்கு. அவ்வளவுதான், 'அவர்கள்' இல்லை.

அற்ப விஷயம். இரண்டு பட்டமும் சீமைப் பத்திரிகையில் கட்டுரையும் உள்ள ஒருத்தி இதையெல்லாம் பொருட்படுத்தலாமா? தமயந்தி மெமோவை மடித்து வைத்தாள். செம்புத் தகட்டை எடுத்து அளந்தாள். அளந்த எண் மனதில் நிற்கவில்லை. மறுபடி அளந்தாள். பிறகு எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, தன் பேட்ஜ் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, தலைமை குமாஸ்தாவின் அறையை நோக்கி நடந்தாள்.

"என் மெமோவுல ஒரு சின்னப் பிழை இருக்கு" என்று அங்கே போய்ச் சொன்னாள்.